முன் சீட்டுக்காரர் சாய்ந்தே கிடந்தால் என்ன செய்வது?

பாறசாலையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எழுபது தாண்டிய அம்மாவோடு திருவனந்தபுரத்தில் ஏறி, தோகாவில் மாறி, நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். போன தடவை தனியாகப் போனபோது முன் சீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில்கூட சீட்டைச் சாய்த்தே வைத்திருந்தார். பின் சீட்டுப் பையன் முதுகில் உதைத்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்தவர் ஹெட்போன் இல்லாமல் போனில் படம் பார்த்தார். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தடவை அம்மாவுக்கு அந்தக் கஷ்டம் வரக்கூடாது, சண்டையும் வந்துவிடக்கூடாது, என்ன வழி என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, வாய் திறக்க எனக்கு உரிமை உண்டா என்பது. இன்னொன்று, திறந்துவிட்டால் மீதி பன்னிரண்டு மணி நேரம் அந்த ஆளோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்பது. முதலாவதற்குப் பதில் லேசு. இரண்டாவதுதான் நல்ல மனுஷரை எல்லாம் வாயடைக்க வைக்கிறது, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நான் குழித்துறைக்காரி. வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் கேபின் பணியில் வெகு காலம் இருந்தேன். திருவனந்தபுரம், கொச்சி ஓட்டங்களும் போயிருக்கிறேன், அட்லாண்டிக் தாண்டும் ஓட்டங்களும் போயிருக்கிறேன். கடைசி வருஷங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆகையால் கேபினில் நடக்கும் தகராறும், அதைப் பற்றி நாங்கள் எழுதும் அறிக்கையும் எனக்குத் தெரியும். கோர்ட்டில் என்ன ஆகும் என்பது வக்கீல்கள் சமாச்சாரம், அதில் பயிற்சிப் புத்தகம் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாய்ந்த சீட்டிலிருந்து தொடங்குவோம், சண்டை அதிகம் வருவது அதில்தான். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சீட் நிமிர்ந்திருக்க வேண்டும், அது பாதுகாப்பு விதி, யாரும் மறுக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்தச் சொல்வது பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை. நாங்களே வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம், சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்டு வாங்கலாம். மீதி நேரத்தில் சாய்த்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் அந்தப் பொத்தானை அவர் சீட்டில் வைத்தது விமான நிறுவனம்தானே? எகானமி வகுப்பில் சீட்டின் அகலம் 17, 18 அங்குலம். ஒரு சீட்டுக்கும் அடுத்த வரிசையில் அதே இடத்துக்கும் உள்ள தூரம் நீண்ட ஓட்டங்களில் 31, 32 அங்குலம், மலிவுக் கட்டண விமானங்களில் 28, 29 வரை இறங்கும். சீட்டின் தடிமனும் அந்தக் கணக்குக்குள்தான். சீட் சாயும் அந்த நாலு அங்குல இடத்தை, ஒரே வரப்பை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்தது மாதிரி, முன்னால் இருப்பவருக்கு முதுகு சாய்க்க என்றும் பின்னால் இருப்பவருக்கு முழங்கால் வைக்க என்றும் விற்றிருக்கிறார்கள். விற்றவர் அங்கே இல்லை, வாங்கிய இருவரும் முறைத்துக்கொள்கிறார்கள். முன் சீட்டுக்காரர் உங்கள்மேல் வைத்த வன்மம் ஒன்றும் இல்லை, பின்னால் ஒரு முழங்கால் இருப்பதே அவர் நினைப்பில் இருக்காது. இந்த எண்ணத்தோடு பேசப் போனால் குரல் தன்னாலே இறங்கிவிடும்.

பேசும் விதத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை நடத்தையைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், ஒரு செயலைக் கேட்டால் பெரும்பாலும் நடக்கும். "கொஞ்சம் அடுத்தவங்களையும் நினைச்சுப் பாருங்க சார்" என்று தொடங்கினால் அவர் தன் மரியாதையைக் காப்பாற்றப் பதில் சொல்லியே ஆக வேண்டும். "சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சீட்டை நிமிர்த்த முடியுமா, எங்க அம்மா தட்டை விரிக்க முடியல" என்றால் அதில் அவர் மறுக்க என்ன இருக்கிறது? எதைச் செய்ய வேண்டும், எவ்வளவு நேரம், எதற்காக, இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். காலக்கெடு ரொம்ப முக்கியம். முடிவில்லாத விட்டுக்கொடுத்தலுக்கு யாரும் இசைய மாட்டார்கள், அரை மணி நேரம் என்றால் கர்ணனாகிவிடுவார்கள்.

மொழி தடையாக இருக்குமோ என்ற பயமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. தோகா வரையிலான விமானத்தில் அந்தக் கவலையே வேண்டாம், எல்லைக்காரர்களான நமக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் வாயில் வரும். "சேட்டா, ஊணு கழியுந்நது வரெ சீற்று ஒந்நு நேரெயாக்காமோ" என்று கேட்டால் மறுக்கிற மலையாளியை நான் பார்த்ததில்லை. வடக்கத்தி ஆளாக இருந்தால் "பையா, கானா கானே தக் சீட் சீதி கர் தீஜியே" போதும். தோகாவுக்கு அப்பால் "எக்ஸ்க்யூஸ் மீ, குட் யூ பிரிங் யுவர் சீட் அப் டில் வி ஃபினிஷ் ஈட்டிங்" என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, முகம் சிரித்தபடி இருந்தால் சரி. சீட்டைப் பின்னாலிருந்து தட்டிக் கூப்பிடாதீர்கள். எழுந்து அவர் முகம் தெரிகிற மாதிரி வந்து கேளுங்கள். முகம் தெரியாத குரல் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அதட்டலாகத்தான் கேட்கும்.

எப்போது கேட்பது என்பதும் உண்டு. முதல் தடவை உறுத்தியதுமே கேட்டுவிடுங்கள். நம்மவர்களிடம் ஒரு பழக்கம், பொறுத்துப் பொறுத்து ஆறு மணி நேரம் உள்ளே அடக்கி, ஏழாவது மணியில் ஒரேயடியாக வெடிப்பது. அதில் நீங்களே கெட்டுப் போவீர்கள், எப்படி என்றால், கேபினில் வேலை செய்கிறவர்கள் காதில் தகராறின் பின்பாதிதான் விழும். ஆறு மணி நேரம் அவர் முழங்கையால் இடித்தது யாருக்கும் தெரியாது, நீங்கள் போட்ட ஒரு சத்தம் இருபது வரிசைக்குக் கேட்டுவிடும். நாங்கள் ஓடிவந்து பார்க்கும்போது கத்திக்கொண்டிருப்பவர் நீங்கள், கண்ணை மூடிச் சாந்தமாகப் படுத்திருப்பவர் அவர். அறிக்கையில் யார் சீட் எண் முதலில் ஏறும் என்று நினைக்கிறீர்கள்? அநியாயம்தான். ஆனால் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் எங்கள் முதல் வேலை சத்தத்தை அடக்குவது, நியாயம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

உதைக்கிற பையன் விஷயத்தில் பையனிடம் பேசாதீர்கள். கண்ணை உருட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அவன் அம்மா அப்பாவிடம்தான் பேச வேண்டும். ஐந்து ஆறு வயசுப் பிள்ளையின் கால் தரையில் எட்டாது, நீட்டினால் நேராக உங்கள் சீட் முதுகில் போய் முட்டும், ஆட்டாமல் பத்து நிமிஷம் இருக்க அந்த வயசில் யாராலும் முடியாது. ஷூவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், உதையின் வேகம் பாதியாகும். கால் வைக்கும் இடத்தில் ஒரு பையை நிற்க வைத்தாலும் கால் தாங்கிக்கொள்ளும். பெற்றோரும் தூக்கம் கெட்டு, ஏற்கெனவே வெட்கப்பட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள். "பிள்ளைக்கு இடம் போதல இல்லையா" என்று தொடங்கினால் அவர்கள் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். அழுகிற கைக்குழந்தை வேறு கதை. விமானம் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் மாறி வலிக்கும், பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிப்போம், குழந்தைக்கு அது தெரியாது. பால் கொடுத்தால் விழுங்கும், வலி குறையும். இதில் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. காதில் அடைக்கும் பஞ்சு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக் கடையில் கிடைக்கும்.

ஹெட்போன் இல்லாமல் போன் பார்க்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கேபினுக்குள் எந்நேரமும் ஏறத்தாழ 80 டெசிபல் அளவுக்கு இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலைத் தாண்டித் தன் காதுக்குக் கேட்க வேண்டும் என்று அவர் சத்தத்தை ஏற்றுகிறார், உங்கள் காதுக்கும் கேட்கிறது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. வளைகுடா ஓட்டத்தில் முதல் தடவை வேலைக்குப் போகிற பையன்கள் நிறைய. சீட் பையில் பாலித்தீன் உறைக்குள் இருப்பது ஹெட்போன் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது இலவசமா, காசு கேட்பார்களா என்ற தயக்கம். இவர்களிடம் "தம்பி, இதுல ஹெட்போன் இருக்கு, கைப்பிடியில சொருகி முன்னால இருக்கிற திரையில படம் பார்க்கலாம்" என்று எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் வாங்கித் தருவான். நீண்ட வருஷம் பார்த்ததில் என் தனிப்பட்ட அபிப்பிராயம், கட்டட வேலைக்குப் போகிற பையனால் வந்த தொல்லையைவிட மாதம் இரண்டு தடவை பறக்கிற, எல்லாம் தெரிந்த ஆளால் வந்த தொல்லை அதிகம். தெரியாதவனிடம் சொன்னால் திருத்திக்கொள்வான். தெரிந்தவர் "இதை எந்த விதியில் போட்டிருக்கிறது, காட்டு" என்பார். அவரிடம் வாதத்துக்கே போகாதீர்கள், நேராக எங்களிடம் வாருங்கள்.

கைப்பிடி விஷயம் சுருக்கமாக: நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டு கைப்பிடியும் என்பது வழக்கம், விதி இல்லை. ஓரத்தில் இருப்பவருக்குக் கால் நீட்ட நடைவழி, ஜன்னலில் இருப்பவருக்குச் சாய சுவர், நடுவில் இருப்பவருக்கு இதுவாவது இருக்கட்டுமே. செருப்பைக் கழற்றி முன் சீட் கைப்பிடி இடுக்கில் காலை நீட்டுகிறவரிடம் தயங்காமல் சொல்லலாம், சொன்னதும் இழுத்துக்கொள்வார்கள். ஜன்னல் மூடியை இரவில் இறக்கச் சொல்வது கேபின் பணியாளர் வேலை, நீங்கள் தலையிட வேண்டாம். வாசனை மட்டும்தான் கஷ்டம். ஒருவரிடம் போய் உங்கள் உடம்பு நாறுகிறது என்று சொல்ல நல்ல வார்த்தை எந்த மொழியிலும் கிடையாது, எங்களுக்கே அது கிடைக்கவில்லை. இடம் மாற்றிக் கேளுங்கள், காரணத்தை எங்களிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

எங்களிடம் எப்படி வருவது என்று சொல்கிறேன். தலைக்கு மேல் இருக்கும் பொத்தானை அழுத்தலாம், ஆனால் நாங்கள் வந்து நின்று கேட்கும்போது அந்த ஆளும் பக்கத்தில் கேட்டுக்கொண்டு இருப்பார். எழுந்து பின்பக்கச் சமையல் இடத்துக்கு வந்துவிடுங்கள். சீட் எண், என்ன நடக்கிறது, நீங்கள் ஒரு தடவை கேட்டுவிட்டீர்கள் என்பது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது, இவ்வளவு போதும். "அந்த ஆள் படிக்காத காட்டான்" என்ற விமர்சனமெல்லாம் சேர்த்தால் உங்கள் புகாரின் எடை குறையும். எங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் வராது. சாப்பாட்டு நேரத்தில் சீட்டை நிமிர்த்த வைக்க முடியும். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல முடியும். குடிப்பவருக்கு இனி இல்லை என்று நிறுத்த முடியும். காலி இடம் இருந்தால் உங்களை அங்கே மாற்ற முடியும், கவனியுங்கள், உங்களை. தொல்லை கொடுப்பவரை எழுப்பி மாற்றுவது அபூர்வம், போகிற இடத்திலும் அவர் அதையே செய்வார், அங்கே புதிதாக ஒருவர் கேட்பார். சாதாரண நேரத்தில் சீட்டைச் சாய்க்காதே என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. புறப்படுவதற்கு முன் நீங்களாக இடம் மாறி உட்காராதீர்கள். பயணிகள் பட்டியலும் எடைக் கணக்கும் சீட் எண்ணை வைத்துத்தான். பறக்கத் தொடங்கி பெல்ட் விளக்கு அணைந்தபின் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். இன்னொன்று பயணிகளுக்குத் தெரியாது. பதினான்கு மணி நேர ஓட்டத்தில் இரவு வேளையில் பணியாளரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓய்வறைப் படுக்கையில் இருப்பார்கள். ஐம்பது சீட்டுக்கு ஒரு பணியாளராவது வேண்டும் என்பது இந்திய விதி, நீண்ட ஓட்டத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருப்போம், ஆனால் நடு இரவில் நடைவழியில் கண்ணில் படுவது மூன்று நாலு பேர்தான். அதனால்தான் விளக்கை அணைக்கும் முன் வந்து சொல்லிவிடுவது நல்லது.

விமானத்தில் மட்டும் மனுஷர் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்திருக்கிறது. கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம், ஆனால் அந்தக் குளுமை இல்லாமல். ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நாக்கு வறளும், தலை கனக்கும், தூக்கம் அறுந்து அறுந்து வரும். இதெல்லாம் உறுதி. மேலே ஒரு பெக் குடித்தால் கீழே இரண்டு பெக் குடித்த மாதிரி என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள், அது அப்படியே நம்பத்தக்கது அல்ல. உயரத்தால் ரத்தத்தில் ஏறும் சாராயத்தின் அளவு கூடிவிடுவதில்லை, ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த உடம்பில் அது வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். 2024-ல் ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தார் விமான அழுத்தத்தில் குடித்துவிட்டுத் தூங்கியவர்களைச் சோதித்தபோது ரத்த ஆக்சிஜன் 85 சதவீதம் அளவுக்கு இறங்கி, இதயத் துடிப்பு ஏறியிருந்தது. அதேபோல 2016-ல் காதரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு உலகம் பூராவும் செய்தியானது. முதல் வகுப்பு இருக்கிற விமானத்தில் எகானமியில் தகராறு நடக்கும் வாய்ப்பு, அது இல்லாத விமானத்தைப்போல 3.84 மடங்கு என்றார்கள். பணக்காரர் சீட்டைக் கடந்து போகும்போது வயிற்றெரிச்சல் வருகிறது என்ற விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் புள்ளிவிவர முறையையே வேறு ஆய்வாளர்கள் உடனே கேள்வி கேட்டார்கள், அதனால் அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கண்ணுக்குப் பட்ட காரணம் எளிது. ஆள் விமானம் ஏறும் முன்பே களைத்துவிடுகிறார். களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சாக்கை முனையத்துக்கு நாலு மணி நேரம் முன்னாடியே வந்து, அழுது வழியனுப்பி, நடுராத்திரியில் ஏறுகிறவர் ஒரு முழங்கைக்குக்கூடப் பொறுக்க மாட்டார். பங்குனி, ஐப்பசி ஆறாட்டு நாளில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போவதற்காகச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும், நேரங்கள் மாறும், அன்றைக்கு இன்னும் மோசம். டிக்கெட் போடும்போது அந்த நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தகராறு எவ்வளவு நடக்கிறது என்றால், உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் கணக்கில் 2022-ல் 568 விமானங்களுக்கு ஒன்று, 2023-ல் 480-க்கு ஒன்று. இது அறிக்கை எழுதப்பட்டவை மட்டும். ஆக, கூடுகிறது, ஆனால் நீங்கள் ஏறும் விமானத்தில் நடக்கும் வாய்ப்பு இன்னும் சொற்பம்தான்.

இதுவரை சொன்ன பணிவெல்லாம் அறியாமைக்கும் அசட்டைக்கும்தான். குடித்துவிட்டு மேலே விழுகிறவர், தூங்குகிற மாதிரி கையை நகர்த்துகிறவர், மிரட்டுகிறவர், இவர்களிடம் "கொஞ்சம்", "தயவுசெய்து" எதுவும் வேண்டாம். தொட்டால் உடனே எழுந்து நில்லுங்கள், சத்தமாக "கையை எடு" என்று சொல்லுங்கள், எந்த மொழியிலும் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள், நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும். மேலே சத்தம் போடாதீர்கள் என்று சொன்ன அதே ஆள்தான் சொல்கிறேன், இங்கே சத்தம் போடுங்கள். இடம் மாற்றித் தந்தால் மாறுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். தலைமை விமானிக்குத் தெரிவிக்க வேண்டும், அறிக்கையில் எழுத வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 1963-ன் டோக்கியோ ஒப்பந்தப்படி அத்துமீறும் பயணியைக் கட்டிப்போடவும், இறக்கிவிடவும், இறங்கும் நாட்டுப் போலீசில் ஒப்படைக்கவும் தலைமை விமானிக்கு அதிகாரம் உண்டு. இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதியில் மூன்று நிலை வைத்தார்கள். வாயால் துன்புறுத்துவதும் குடித்துக் கலாட்டா செய்வதும் முதல் நிலை, மூன்று மாதம் வரை பறக்கத் தடை. தள்ளுவது, அடிப்பது, தகாதபடி தொடுவது இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செயல் மூன்றாம் நிலை, குறைந்தது இரண்டு வருஷம். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் விமானத்திலிருந்து எழுத்தில் புகார் போக வேண்டும். 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த விமானத்தில் போதையில் இருந்த பயணி ஒருவர் வயதான பெண்மணி மேல் சிறுநீர் கழித்ததாக வந்த புகார் நினைவிருக்கும். வெளியே தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. விதிப்படி நடக்கவில்லை என்று டிஜிசிஏ அடுத்த ஜனவரியில் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, தலைமை விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட புகாரை லேசாக எடுத்துக்கொள்ளும் பணியாளர் குறைவு. இருந்தாலும் இறங்கும் முன் தேதி, விமான எண், சீட் எண், நீங்கள் பேசிய பணியாளர் பெயர் நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. முன் சீட் சாயாமல் தடுக்க முழங்காலால் முட்டுக்கொடுத்து உட்காராதீர்கள். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கருவி விற்றார்கள். 2014 ஆகஸ்டில் நெவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தில் ஒருவர் அதை மாட்டப் போய், முன் சீட்டுக்காரி தண்ணீரை எடுத்து வீச, விமானத்தை சிகாகோவில் இறக்கி இருவரையும் வெளியே அனுப்பினார்கள். எவர் பக்கம் நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பேசுவதும் வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் இறங்கி வருகிற ஆளை நான் பார்த்ததில்லை, ஏறுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து வயசான பெண்கள் விமானத்தில் எங்களுக்குச் செல்லம். "மக்ளே, ஒரு சூடு வெள்ளம் தா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள், நாங்களும் ஓடுவோம். ஆனால் நாலு வரிசை தள்ளி ஊர்க்காரரைக் கண்டுவிட்டால் மார்த்தாண்டம் சந்தைக் குரலில் குசலம் விசாரிப்பதும், நெற்றி நிறையத் தைலம் தேய்ப்பதும், சக்கரம் தரையில் பட்டதுமே எழுந்து பையை இழுப்பதும் இவர்களேதான். தைலத்தைக் கைக்குட்டையில் தடவி மோந்துகொள்ளச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கண் எரியாது.

பாதித் தொல்லையை சீட் எடுக்கும்போதே தவிர்த்துவிடலாம். தோகாவிலிருந்து போகும் பெரிய விமானங்கள் பலவற்றில் மூன்று, நாலு, மூன்று என்று சீட் இருக்கும். நடு நாலில் நடைவழியோரச் சீட்டை அம்மாவுக்கும் அதற்கு அடுத்ததை உங்களுக்கும் எடுங்கள். உங்கள் மறுபக்கம் உட்காருகிறவருக்கு எழுந்து போக அந்தப் பக்க நடைவழி இருக்கிறது, அவர் உங்கள் மேல் தாண்டிப் போக மாட்டார், அம்மாவும் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். அந்த வயசில் மணிக்கொரு தடவை காலை நீட்டி நடப்பது ரத்தக் கட்டு வராமல் இருக்கவும் நல்லது. முன்னால் தடுப்புச் சுவர் இருக்கிற வரிசையில் யாரும் உங்கள் மேல் சாய மாட்டார்கள், ஆனால் கைக்குழந்தைத் தொட்டிலை மாட்டுவதும் அங்கேதான், தூக்கம் முக்கியமென்றால் அதிலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி எடுங்கள். அவசர வழி வரிசையில் வயசானவர்களை உட்கார விடமாட்டார்கள். கடைசி வரிசை சில விமானங்களில் சாயாது, கழிவறை வரிசையும் தலைமாட்டில் நிற்கும்.

சீட் கிடைக்காமல் பிரித்துப் போட்டிருந்தால் தோகாவில் இறங்கியதும் மாற்றுப் பயணக் கவுண்டரில் போய், அம்மா தனியாக உட்கார முடியாது என்று சொல்லிக் கேளுங்கள். ஏறிய பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்சுவதைவிட அது எளிது. டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வைத்தால் பெரும்பாலும் முதலில் ஏற்றிவிடுவார்கள். கூட்டம் வரும் முன் பையைத் தலைக்கு மேல் வைத்து, அம்மாவை உட்கார வைத்து, பக்கத்து சீட்டுக்காரர் வரும்போது முதல் வணக்கத்தை நீங்களே சொல்ல நேரம் கிடைக்கும். அந்த வணக்கம் சொல்லிவிட்ட ஆளிடம் பிறகு எதையும் கேட்பது பாதி சுலபம்.